பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறும் இன்ஜின்

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் நீலகிரி மலை ரயில் ஏறக்குறைய நின்றேவிடும். புதிதாக வருபவர்கள் ஏதோ கோளாறு என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். கோளாறு எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் தொடங்குகின்றன. இன்ஜினின் அடிவயிற்றில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களோடு பொருந்தியாக வேண்டும். பட்டையின் தொடக்கப் பகுதி ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். பல்லின் மேல் பல் ஏறிவிட்டால் பட்டை கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். சக்கரம் இன்னும் சிறிது உருண்டதும் பல் தன் இடுக்கில் போய் விழும். காலுக்குக் கீழே ஒரு அதிர்வு தெரியும். அதற்கப்புறம் இன்ஜினின் மூச்சே மாறிவிடும்.

நான் முதல்முறை அந்த ரயிலில் போனபோது மூச்சு ஏன் மாறுகிறது என்று எனக்குத் தெரியாது. வண்டி மெதுவாகிறது, ஆனால் புகைபோக்கியிலிருந்து வரும் 'சுஃப் சுஃப்' மட்டும் வண்டியின் நடையோடு ஒட்டாமல் படபடவென்று போகிறது. அதன் காரணத்தைத் தேடிப் போனபோதுதான் இந்த எக்ஸ் வகை இன்ஜின்கள் எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டவை என்பது புரிந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வடிவம் இன்னும் தினசரி வேலையில் இருப்பது எப்படி, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதும் அதோடு சேர்ந்து வந்த கேள்விகள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

முதலில் மலையைப் பார்த்துவிடுவோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,203 மீட்டர். இடையில் 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். இதில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட 19 கிலோமீட்டர்தான் உண்மையான சோதனை. அங்கே சில இடங்களில் 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏற வேண்டும். வீட்டு மாடிப்படியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று தோன்றும். ரயிலுக்கு அப்படியில்லை. வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் உருள்கிறது. சமதளத்தில் ஒரு இன்ஜின் நாற்பது பெட்டிகளை இழுக்க முடிவதற்குக் காரணமே அந்த வழுவழுப்புதான். மலையில் அதுவே எதிரியாகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். இன்ஜினும் பெட்டிகளும் சேர்த்து 120 டன் என்று வைத்துக்கொள்வோம். 12க்கு 1 ஏற்றத்தில் அந்த எடை பின்னால் உருண்டுவிடாமல் பிடித்து நிறுத்தவே 10 டன் விசை வேண்டும். உராய்வு, வளைவு எல்லாம் அதற்கு மேல். இன்ஜினின் ஓட்டுச் சக்கரங்கள்மேல் 40 டன் எடை இருந்தாலும், உலர்ந்த தண்டவாளத்தில் அதில் கால்பங்கு அளவுக்குத்தான் பிடிப்பு கிடைக்கும். அதுவே 10 டன்தான். தண்டவாளத்தில் பனி இறங்கி, மேலே நாலு இலை விழுந்து நசுங்கினால் அதுவும் பாதியாகிவிடும். நீலகிரியின் காட்டுக்குள் பனியும் இலையும் இல்லாத நாளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். ஆகவே வெறும் உராய்வை நம்பி இந்த மலையில் ரயில் ஓட்ட முடியாது; எதையாவது பிடித்துக்கொண்டு ஏறியாக வேண்டும்.

இதை அன்றைக்கே உணர்ந்திருந்தார்கள். நீலகிரிக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854லேயே தொடங்கிவிட்டது. ஸ்விட்சர்லாந்தில் ரிகி மலைக்கு 1871இல் பல்தண்டவாள ரயில் விட்ட நிக்லாஸ் ரிகென்பாக் 1882இல் நீலகிரிக்கே வந்து பார்த்தார். பணம் புரளவில்லை, கம்பெனிகள் தடுமாறின. 1891இல் வேலை தொடங்கி, நடுவில் நொடித்துப்போய், மறுபடி எழுந்து, 1899இல் குன்னூர் வரைக்கும் ரயில் வந்தது. உதகைக்கு 1908இல் போய்ச் சேர்ந்தது. கடைசியில் தேர்ந்தெடுத்தது ரிகென்பாக்கின் ஏணி போன்ற பல்தண்டவாளத்தை அல்ல, அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் வகுத்த முறையை. ஆப்ட் முறையில் இரண்டு பல்பட்டைகள் அக்கம்பக்கமாக ஓடும். ஒன்றில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம் இருக்கும். அதனால் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லை முழுப் பிடியாகப் பிடித்திருக்கும். நாம் மரம் ஏறும்போது ஒரு கையை விடுவதற்கு முன் மறு கையால் பிடித்துக்கொள்வோமே, அதே உத்திதான்.

ஆரம்பத்தில் ஓடியவை மான்செஸ்டரின் பேயர் பீகாக் நிறுவனத்து இன்ஜின்கள். எக்ஸ் வகை அதற்குப் பிறகு ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலையிலிருந்து வந்தது. முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி 1925க்குள் பன்னிரண்டு, அப்புறம் 1952இல் ஐந்து, மொத்தம் பதினேழு. நாடு விடுதலை அடைந்து, ரயில்வே தேசியமயமான பிறகும் அதே வடிவத்தையே மறுபடி ஆர்டர் கொடுத்து வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பது வருட அனுபவத்தில் இதைவிடப் பொருத்தமானது எதுவும் கண்ணில் படவில்லை.

நான்கு சிலிண்டர்களின் கூட்டுக்குடும்பம்

எக்ஸ் இன்ஜினைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் தெரியும். மறுபக்கம் இரண்டு. ஆக நான்கு. கீழே உள்ள இரண்டும் தண்டவாளத்தின் மேல் உருளும் எட்டுச் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேலே உள்ள இரண்டும் பல்சக்கரங்களுக்கானவை. சமதளத்தில் பாய்லரிலிருந்து வரும் நீராவி கீழ்ச் சிலிண்டர்களில் வேலை செய்துவிட்டு நேரே புகைபோக்கி வழியாகப் போய்விடும். மேலே உள்ளவை சும்மா இருக்கும்.

பல்பாதைக்குள் நுழையும்போது டிரைவர் ஒரு வால்வைத் திருப்புகிறார். இப்போது கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி வெளியே போவதில்லை. அதில் மிச்சமிருக்கும் அழுத்தத்தோடு மேல்ச் சிலிண்டருக்குள் போகிறது. அங்கே மறுபடியும் விரிந்து பல்சக்கரத்தைத் தள்ளிவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போகும். ஒரே நீராவியில் இரண்டு வேலை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை விரிந்த நீராவிக்கு அதிக இடம் வேண்டும். வழக்கமாக இதற்கு இரண்டாம் கட்டச் சிலிண்டரைப் பெரிதாகச் செய்வார்கள். மீட்டர் கேஜ் பாதையில், குறுகலான குகைகளுக்குள் நுழைய வேண்டிய இன்ஜினில் அவ்வளவு பெரிய சிலிண்டருக்கு இடமில்லை. விண்டர்தூர் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது: நான்கையும் ஒரே அளவில் செய்து, மேலே உள்ளவற்றை மட்டும் பற்சக்கர இணைப்பு மூலம் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார்கள். கொள்ளளவை அளவில் தராமல் வேகத்தில் தந்துவிட்டார்கள்.

நான் கேட்ட அந்தப் படபடப்பு அதுதான். வண்டி 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 13க்கு இறங்கிவிட்டது. ஆனால் புகைபோக்கிக்கு மூச்சு விடுவது இப்போது இரட்டை வேகத்தில் ஓடும் மேல்ச் சிலிண்டர்கள். இரண்டுமுறை விரிந்து தளர்ந்த நீராவி என்பதால் சத்தத்தில் வெடிப்பு குறைவு, எண்ணிக்கை அதிகம். அடுத்தமுறை போகிறவர்கள் கல்லாறு தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்துக் கேளுங்கள். இன்ஜினுக்குள் நடப்பதை அது அப்படியே சொல்லும்.

இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இணைப்பு ஏதாவது அறுந்தாலும் பெட்டிகள் தனியாக உருண்டு ஓட வழியில்லை. தள்ளுகிற டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியின் முகப்பு மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முன் பெட்டிக்காரர் கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் இருக்கும். இன்ஜினின் விசில் ஒலிக்கு ஏற்ப அவரவர் பெட்டியின் பிரேக்கைப் போடுவதும் விடுவதும் அவர்கள் பொறுப்பு. சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல்சக்கரத்துக்குத் தனி பிரேக். இறக்கத்தில் இன்ஜின் தன் சிலிண்டர்களையே பிரேக்காக மாற்றிக்கொள்ளும்: நீராவிக்குப் பதில் காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். பிரேக் கட்டைகள் சூடேறித் தேய்ந்துபோகாமல் மணிக்கணக்கில் இறங்க முடிவது இதனால்தான்.

பாய்லர் விஷயம் கொஞ்சம் பயமூட்டுவது. பாய்லருக்குள் நெருப்புப்பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் சில நிமிடங்களில் அது பழுத்து இளகி, உள்ளே இருக்கும் அழுத்தத்தில் கிழிந்துவிடும். சமதளத்தில் தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்தால் போதும். 12க்கு 1 சரிவில் பாய்லரே சாய்ந்திருக்கிறது. 3 மீட்டர் நீளமுள்ள பாய்லர் என்று வைத்துக்கொண்டால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் தண்ணீர் ஆழத்தில் 25 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். கண்ணாடியில் தெரிவது அந்தக் கண்ணாடி இருக்கும் இடத்து மட்டம்தான். இன்னும் எவ்வளவு ஏற்றம் பாக்கி, அடுத்த நிலையத்தில் சமமான இடத்தில் வண்டி நிற்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையெல்லாம் மனதில் வைத்துத்தான் அந்த மட்டத்தைப் படிக்க வேண்டும். தகட்டில் ஈயம் அடைத்த ஒரு திருகு பொருத்தியிருப்பார்கள். எல்லாம் தவறினால் ஈயம் உருகி, அந்தத் துளை வழியாக நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். தன் பணிக்காலம் முழுவதும் அந்தத் திருகை ஒருமுறைகூட உருகவிடாமல் வேலை பார்ப்பதுதான் டிரைவர், ஃபயர்மேன் இருவருக்கும் கௌரவம்.

ஓட்டமும் சுத்தியலும்

நீராவி இன்ஜினின் வேலை நாள் வண்டி கிளம்பும்போது தொடங்குவதில்லை. குளிர்ந்த பாய்லரை அவசரமாகச் சூடேற்ற முடியாது. தடித்த தகடும் மெல்லிய குழாய்களும் வெவ்வேறு வேகத்தில் விரியும். அவசரப்பட்டால் இணைப்புகள் கசியும், தகடு விரிசல் விடும். அதனால் பல மணி நேரம் முன்னாலேயே நெருப்பு வைத்து, மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஓடும் வழியிலும் தாகம் தீராது. ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று காட்டுக்குள் இருக்கும் நிலையங்களில் வண்டி நிற்பது முக்கியமாக இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கத்தான். பயணிகள் டீ குடிக்க இறங்குவார்கள், குரங்குகள் பங்கு கேட்க வரும். அந்த நேரத்தில் இன்ஜின் பக்கம் போய்ப் பார்த்தால், ஃபயர்மேன் எண்ணெய்க் கேனோடு ஒவ்வொரு மூட்டாகப் போய்க்கொண்டிருப்பார். டிரைவர் புறங்கையால் பேரிங்குகளைத் தொட்டுப் பார்ப்பார். எந்த மூட்டு வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்று அந்தத் தொடுதலிலேயே தெரிந்துவிடும்.

கொதித்து ஆவியாகும் தண்ணீர், தான் கொண்டுவந்த உப்பையும் மண்ணையும் பாய்லரில் விட்டுவிட்டுப் போகும். அது குழாய்களின்மேல் ஏடு கட்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பாய்லரைக் குளிரவிட்டு, அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும். இதை ஷெட்டில் வாஷ் அவுட் என்பார்கள். அப்போதுதான் ஆட்கள் உள்ளே தலையை நுழைத்துப் பார்க்க முடியும்.

நெருப்புப்பெட்டிக்கும் பாய்லரின் வெளித்தகட்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான இரும்புத் தண்டுகள் இருக்கும். இரண்டு தகடுகளையும் பிரிந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பவை அவைதான். பெயர் ஸ்டே. ஒரு ஸ்டே உள்ளே முறிந்துபோனால் வெளியே எதுவும் தெரியாது. பக்கத்து ஸ்டேக்கள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். பிறகு அவையும் ஒவ்வொன்றாக முறியும். இதைக் கண்டுபிடிக்க ஷெட்காரர்கள் வைத்திருக்கும் கருவி ஒரு சின்னச் சுத்தியல். வரிசையாக ஒவ்வொரு ஸ்டேயின் தலையிலும் தட்டிக்கொண்டே போவார்கள். நல்லது 'ணங்' என்னும். முறிந்தது 'டப்' என்னும். இருட்டான நெருப்புப்பெட்டிக்குள் கரிப்புழுதியில் உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான 'ணங்'குகளுக்கு நடுவே ஒரே ஒரு 'டப்'பைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, அவர் தட்டும்போது கேட்டு, பிறகு தான் தட்டி, அவர் 'ம்' என்று தலையாட்டினால்தான் உண்டு. இந்தக் கட்டுரையின் பின்பாதி இந்தச் சுத்தியலைச் சுற்றித்தான் வரப்போகிறது.

எக்ஸ் இன்ஜின்கள் பிழைத்து நின்றது பாசத்தால் மட்டும் அல்ல. இந்தியாவில் அகலப்பாதை நீராவி ஓட்டம் 1995 டிசம்பரில் முடிந்தது. மீட்டர் கேஜ் நீராவியும் அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் ஓய்ந்தது. நீலகிரியிலேயே குன்னூருக்கு மேலே, பல்பட்டை இல்லாத பகுதியில், டீசல் இன்ஜின்கள் வந்துவிட்டன. அங்கே 23க்கு 1 அளவு ஏற்றம்தான், உராய்வே போதும். பல்பாதைக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. அதற்கென்றே பல்சக்கரம் வைத்த டீசல் இன்ஜினை வடிவமைத்து, நாலைந்து மட்டும் செய்வது யாருக்கும் கட்டுப்படியாகாது. அப்படித்தான் முதலில் தப்பித்தது. 2005இல் யுனெஸ்கோ, டார்ஜிலிங் ரயிலுக்கு 1999இல் கொடுத்த உலகப் பாரம்பரியத் தகுதியை நீலகிரிக்கும் விரித்தபோது கணக்கே மாறிவிட்டது. அதுவரை வேறு வழியில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த இன்ஜின், அதற்குப் பிறகு ஓட்டியே ஆக வேண்டிய இன்ஜினாயிற்று.

அப்போதே எரிபொருள் பிரச்சினை வந்திருந்தது. நிலக்கரி போட்டு மலையேறும்போது புகைபோக்கியிலிருந்து தீப்பொறி பறக்கும். கோடையில் காய்ந்த காட்டுக்குள் அது விளையாட்டல்ல. தரமான கரி கிடைப்பதும் குறைந்துகொண்டே வந்தது. தரம் குறைந்த கரியில் அழுத்தம் ஏறாது. நடுவழியில் நின்று நீராவி சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2000களின் தொடக்கத்திலிருந்து இன்ஜின்களை எண்ணெய்க்கு மாற்றினார்கள். முதலில் உலை எண்ணெய், பிறகு டீசல். இது டீசல் இன்ஜின் ஆகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நெருப்புப்பெட்டியில் கரிக்குப் பதிலாக பர்னர் எரிகிறது, அவ்வளவே. பாய்லர், சிலிண்டர், பல்சக்கரம் எல்லாம் பழையபடிதான்.

இதைக் கலப்படம் என்று வருந்துபவர்களை நான் அறிவேன். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்டுக்கு நெருப்பு வைக்கும் அபாயத்தோடு ஒரு பாரம்பரியத்தைக் காப்பாற்ற முடியாது என்பது என் எண்ணம். மாற்றியது சரிதான். அதோடு ஒன்று நழுவிப்போனதும் உண்மை. எங்கே எவ்வளவு கரி போடுவது, எந்த வளைவுக்கு முன்னால் நெருப்பைக் கிளறுவது, வெண்மையாக எரிகிறதா மஞ்சளாகவா என்று பார்த்துக் காற்றை எவ்வளவு விடுவது என்கிற கைப்பழக்கம், பர்னர் குமிழைத் திருகுபவருக்குத் தேவைப்படாது. தேவைப்படாத பழக்கம் ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

திருச்சி பொன்மலைப் பணிமனை செய்ததை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் பொன்மலைக்கு வந்தது. எக்ஸ் இன்ஜின்களின் பெரிய பழுதுகள் எல்லாம் அங்கேதான் பார்க்கப்படும். ஒருகட்டத்தில், பழையதையே எத்தனை நாள் ஒட்டுப்போடுவது என்ற கேள்வி வந்தது. புதிதாகவே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 2011இல் முதல் புதிய எக்ஸ் இன்ஜின் வெளியே வந்தது, எண் 37396. அடுத்த சில ஆண்டுகளில் மேலும் மூன்று. எல்லாம் எண்ணெயில் ஓடுபவை. 2021இல் கரியில் ஓடும் புதிய எக்ஸ் ஒன்றையும் செய்து முடித்தார்கள்.

இருபத்தோராம் நூற்றாண்டில் இந்தியாவில் ஒரு பணிமனை முழு நீராவி இன்ஜினை அடியிலிருந்து செய்திருக்கிறது என்பது இன்னும் நம்மில் பலருக்குத் தெரியாது. வடிவத்தைத் தந்த விண்டர்தூர் தொழிற்சாலையோ தன் பெயரோடு இன்று இல்லை. உதிரிபாகம் கேட்டுக் கடிதம் எழுத முகவரி கிடையாது. பழைய பாகத்தைக் கழற்றி, தேய்ந்த அளவையும் தேயாத அளவையும் பிரித்துக் கணித்து, வரைபடம் போட்டு, வார்ப்புக்கு அச்சு செய்து, கடைந்து, பொருத்திப் பார்க்க வேண்டும். பல்சக்கரத்தில் ஒரு பல்லின் வடிவம் கொஞ்சம் பிசகினாலும் 19 கிலோமீட்டரும் பட்டையைச் சுரண்டிக்கொண்டே போகும்.

எது பழைய இன்ஜின்?

சரி, குழாயை மாற்றி, நெருப்புப்பெட்டியை மாற்றி, பல்சக்கரத்தை மாற்றி, சிலிண்டரைப் புதுப்பித்த பிறகு, 1920களின் இன்ஜின் என்று நாம் சொல்வதில் 1920களைச் சேர்ந்த இரும்பு எவ்வளவு மிச்சம்? பாரம்பரிய இன்ஜின்களை ஓட்டுகிற எல்லா இடங்களிலும் இந்தக் கேள்வி எழும். அடிச்சட்டம்தான் அடையாளம், அது பழையதாக இருந்தால் இன்ஜின் பழையது என்று பலர் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்கள். வசதியான கோடு. முழுமையான விடை இல்லை.

நிறுத்தி வைத்துக் காப்பது இன்னொரு வழி. அதற்கும் நம் ஊரில் எடுத்துக்காட்டு இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் 1855இல் செய்த 'எக்ஸ்பிரஸ்', அதே ஆண்டின் 'ஃபேரி குயின்' இரண்டும் கிழக்கிந்திய ரயில்வேயில் உழைத்து, 1909இல் ஓய்வு பெற்றவை. அப்புறம் பல பத்தாண்டுகள் காட்சிப்பொருளாக நின்றன. ஃபேரி குயின் 1997இல் மறுபடி தண்டவாளம் ஏறியது. எக்ஸ்பிரஸுக்கு 2010இல் சென்னை பெரம்பூர் பணிமனை உயிர் கொடுத்தது. நூறு வருடம் அசையாமல் நின்ற இன்ஜின் அது. அதைச் செய்த தொழிலாளர்களின் திறமை சாதாரணமானதல்ல. ஆனால் அவர்களுக்கு அந்த இன்ஜினை ஓட்டிப் பழகிய ஒருவர்கூட வழிகாட்ட இருந்திருக்க முடியாது. எது அதன் இயல்பான சத்தம், எது நோவு என்பதை ஒவ்வொன்றாகத் தாமே கண்டறிய வேண்டியிருந்திருக்கும். நிற்கும் இன்ஜின் இரும்பைக் காக்கிறது. சுத்தியல்காரரின் காதை அது காப்பதில்லை.

எக்ஸ் இன்ஜின்களின் விண்டர்தூர் உறவினர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வியட்நாமில் தா லாத் மலைக்கு ஒரு பல்தண்டவாள ரயில் ஓடியது. அதற்கும் பெரும்பாலும் விண்டர்தூரில் செய்த இன்ஜின்கள்தான். போரில் அந்தப் பாதை அழிந்தது. இன்ஜின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990இல் ஸ்விஸ் ஆர்வலர்கள் அவற்றை மலையிலிருந்து இறக்கி, கப்பலேற்றித் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதில் பெரிய வகை இன்ஜின் ஒன்றை ஃபுர்கா மலைப் பாதையில் மறுபடி ஓடவைக்க ஏறக்குறைய முப்பது வருடம் பிடித்தது. ஒருமுறை நின்றுபோனால் மறுபடி தொடங்க ஒரு மனிதனின் முழுப் பணிக்காலம் ஆகலாம். நீலகிரியில் அந்த இடைவெளி விழவே இல்லை. 1920களில் எக்ஸ் ஓட்டியவரிடம் கற்றவர், அவரிடம் கற்றவர், அவரிடம் கற்றவர் என்று ஒரு சங்கிலி குன்னூர் ஷெட்டில் இன்றுவரை அறுபடாமல் வருகிறது. என்னைக் கேட்டால் யுனெஸ்கோ பட்டயத்தைவிடப் பெரிய சொத்து அதுதான்.

அதனால் இரும்பு மாறிக்கொண்டே இருப்பதைப் பற்றி எனக்கு முன்பு இருந்த வருத்தம் இப்போது இல்லை. ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். பழைய பதினேழில் ஒன்றையாவது திருகுகூட மாற்றாமல், வண்ணம்கூடப் புதிதாகப் பூசாமல், நனையாத கூரையின்கீழ் வைத்திருக்க வேண்டும். விண்டர்தூர்காரர்கள் எந்தத் தகட்டை எப்படி ரிவெட் அடித்தார்கள், எந்த மூலையை எவ்வளவு மழித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ஓடும் இன்ஜின் தன் சாட்சியத்தைத் தானே அழித்துக்கொண்டே ஓடுகிறது. அதைத் தவிர்க்க முடியாது. வெயிலிலும் மழையிலும் பூங்கா ஓரத்தில் நிறுத்தி, ஆண்டுக்கொருமுறை மேலே மேலே பெயின்ட் அடிப்பது இரண்டையும் கெடுக்கும் வழி. அது ஓட்டமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

இன்ஜின் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் மலை அடிக்கடி நினைவுபடுத்துகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையில் பாதை பல இடங்களில் மண்ணோடு போயிற்று. வடகிழக்குப் பருவமழை வந்தாலே ஏதாவது ஓரிடத்தில் பாறை விழுவதும் வண்டி ரத்தாவதும் வாடிக்கை. பாதையைச் சரிசெய்பவர்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் காட்டுக்குள் நடந்தே போய் வேலை செய்கிறார்கள். பல்பட்டையும் தேய்கிற பொருள்தான். அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டிக்கெட் வருமானத்தில் இதையெல்லாம் ஈடுகட்ட முடியாது. ஈடுகட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கோயில் தேரை வருமானம் பார்த்தா பராமரிக்கிறோம்? தேருக்கு ஆண்டுக்கு ஒருநாள் ஓட்டம். இதற்கு நாள்தோறும் தேரோட்டம்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. பழைய ஆட்கள் ஓய்வு பெறும் வேகத்துக்குப் புதியவர்கள் கற்றுக்கொள்கிறார்களா என்பதுதான் அது. ரயில்வேயில் சேரும் ஒரு இளைஞருக்கு நாடு முழுக்க மின்சார இன்ஜின்கள் காத்திருக்கின்றன. பணிமாற்றம் வரும், பதவி உயர்வு வரும். கரிப்புழுதிக்குள் உட்கார்ந்து ஸ்டே தட்டிப் பழகுவதை அவர் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? நீராவி வேலைக்கென்று தனிப் பணிநிலை, அதில் தங்குபவருக்கு உயர்வில் குறைவில்லை என்ற உறுதி, ஓய்வு பெற்றவர்களைச் சில ஆண்டுகள் ஆசிரியராக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகியவற்றை எழுத்தில் போட வேண்டும். கரியில் ஓடும் புதிய எக்ஸைக் காட்சிக்கு மட்டும் வைக்காமல், நெருப்புப் போடப் பழகும் வகுப்பறையாகவும் வைத்துக்கொள்ளலாம். கரியைக் கொட்டினால் எப்படி எரியும், பரப்பினால் எப்படி எரியும் என்று கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் குன்னூரிலும் பொன்மலையிலும் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அடுத்த வாஷ் அவுட்டுக்குப் பாய்லர் குளிர்ந்ததும், மூத்தவர் சுத்தியலோடு நெருப்புப்பெட்டிக்குள் நுழைவார். அவருக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரும் நுழைய வேண்டும்.